முக்காடு போட்ட விளக்கு

நத்தை ஆபீசில் வேலை கிடைத்த அன்று அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, பயம். பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்துவிட்டது என்று சொல்லப் பயந்து, யாராவது இறங்கும் இடத்தில் சேர்ந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வருகிற ஜாதி அவள். அவளைப் போய் அதிகாரிகள் மட்டுமே நிறைந்த கட்டடத்துக்குள் உதவியாளராகப் போட்டார்கள். இளநிலை உதவியாளர். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, பதவியைத்தான் சொல்வார்கள். அவள் பதவி நீளமாக இருந்ததால் சுருக்கி 'இளநிலை' என்றார்கள்.

வாசலில் பித்தளை எழுத்தில் 'நன்னீர் நத்தைப் பெருக்கக் கட்டுப்பாட்டு ஆணையம்' என்று இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு மூச்சு இல்லை. நத்தை ஆபீஸ் என்பார்கள்.

விஷயம் இதுதான். ஊருக்குள் ஒரு குளம். குளத்தில் நத்தை. நத்தைக்குள் ஒரு புழு. அந்தப் புழு நத்தையை விட்டு வெளியே வந்து கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். புல்லை மேய்கிற ஆட்டின் ஈரலுக்குள் போய்க் குடித்தனம் நடத்தும். ஆடு மெலியும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும், ஒரு நாள் காலையில் எழுந்திருக்காது. அவளுடைய அக்காவின் பட்டியில் பாதி ஆடு அப்படித்தான் போயிற்று. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த ஆடுகளை வைத்துத்தான் அக்கா அவளை விஞ்ஞானப் பட்டம் வரை படிக்க வைத்திருந்தாள்.

ஆடுகள் செத்த பிறகு குளத்தைச் சுற்றி வேலி வந்தது. வேலிக் கதவில், 'அபாயம். ஆடு மாடுகளை இறக்காதீர்' என்று ஒரு தகரப் பலகை வந்தது. மிச்சம் பிழைத்த ஆடுகளுக்குப் புல் தேடி அக்கா ஊர் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். குளத்தங்கரையில் புல் இடுப்பு உயரம் வளர்ந்து, காற்றில் ஆடி, வேலிக்கு வெளியே நிற்கும் ஆடுகளைக் கேலி செய்தது.

விஷம் போட்டால் நத்தையோடு மீனும் போய்விடும். ஆணையம் வைத்திருந்த வழி வேறு. கீரையிலிருந்து பச்சை நிறப் பொருளைச் சாறாக இறக்கித் தண்ணீரில் கலக்க வேண்டும். நத்தை அதைத் தின்னும். பிறகு அதன் மேல் பலமான சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்ச வேண்டும். வெளிச்சம் பட்டதும் உடம்புக்குள் போன பச்சைப் பொருள் எரிச்சலைக் கிளப்பும், நத்தை முட்டையிடுவதை நிறுத்திவிடும். வேண்டியது இரண்டே பொருள். சாறு, வெளிச்சம். கல்லூரியில் படித்தபோது அவளுக்கு இது மிகவும் எளிமையாகத் தோன்றியது.

ஆபீசில் ஜன்னல் எல்லாம் கனத்த திரை போட்டு மூடியிருந்தது. வெயில் பட்டால் கோப்புகளின் நிறம் மங்கிவிடுமாம். கூட்ட அறையில் சுவரை ஒட்டி நத்தைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு, சிவப்பு வெல்வெட் துணி முக்காடு போட்டுக்கொண்டு ஏதோ ஒன்று நின்றது. முதல் நாள் அதை ஆள் என்று நினைத்து அவள் வணக்கம் வைத்துவிட்டாள்.

"அது விளக்கும்மா," என்றார் விளக்கு அதிகாரி. விளக்கைப் பார்த்துக்கொள்வது மட்டுமே அவருடைய வேலை.

"எப்ப சார் போடுவீங்க?"

"திறப்பு விழா முடிஞ்சதும்."

"விழா எப்ப சார்?"

"திட்டம் வெற்றின்னு அறிக்கை போனதும் மேலிடத்துலேர்ந்து தேதி கொடுப்பாங்க."

அவள் அதை மனதுக்குள் இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள். எங்கே பிடித்தாலும் அது வழுக்கியது. "விளக்கு போடாம எப்படி சார் வெற்றி..."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா. திறப்பு விழா நடக்காத விளக்கைப் போட்டா அது திருட்டு வெளிச்சம். இந்தத் துணியை நான் வாரா வாரம் மாத்தித் துவைச்சுப் போடுறேன். ஒரு தடவை கூட உள்ள எட்டிப் பார்த்ததில்ல. என் சர்வீஸ்ல ஒரு கறை கிடையாது."

அவள் துணியை ஒரு முறை பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

விளக்கு இல்லை, போகட்டும், சாறாவது உண்டே என்று நினைத்தாள். சாறு உண்டுதான். ஒரு காலத்தில் யாரோ ஒரு ஊர்க்காரர், 'இதைத் தண்ணியில கலக்குறீங்களே, மனுஷனுக்கு ஆகுமா?' என்று கேட்டிருக்கிறார். உடனே தலைவர் எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். பத்திரிகையில் படம் நன்றாக வந்தது. அன்றிலிருந்து திங்கட்கிழமைக் கூட்டம் சாறு குடித்துத்தான் தொடங்கும். தலைவர் குடித்தால் செயலர் குடிக்காமல் இருக்க முடியாது. செயலர் குடித்தால் மற்றவர்கள் முடியாது. அதிகாரிகள் பெருகப் பெருக டம்ளரும் பெருகியது.

சாறு அதிகாரியிடம் அவள் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தொட்டிக்கு எப்ப சார் ஊத்துவீங்க?"

"மிச்சம் இருந்தா."

"மிச்சம் இருக்குமா சார்?"

"இது வரைக்கும் இருந்ததில்ல. ஆனா நத்தையை நாங்க பட்டினி போடலையே. டம்ளர் கழுவின தண்ணியை அப்படியே அதுகளுக்குத்தான் ஊத்துறோம்." அவர் முகத்தில் ஒரு வள்ளலின் களைப்பு தெரிந்தது.

முதல் திங்கட்கிழமை அவளுக்கும் ஒரு டம்ளர் வந்தது. குட்டையில் ஊறிய சாக்குத் துணியின் வாடை. தலைவர் எழுந்தார். பருத்த, வெளுத்த மனிதர். கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் வந்து, போர்ட்டிகோவுக்குள்ளேயே இறங்கி, திரை போட்ட அறைக்குள் நுழைகிறவர். வெயில் அவர் மேல் பட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்.

"நண்பர்களே," என்றார், "சில பேர் கேக்குறாங்க, நத்தையை எப்ப ஒழிப்பீங்கன்னு. நான் சொல்றேன், ஒழிப்புங்கிறது பொறுப்பில்லாத வார்த்தை. நத்தை ஒழிஞ்சா அடுத்த நாள் நாம எதைக் கட்டுப்படுத்துவோம்? நத்தை இருக்கணும், அது நம்ம கட்டுப்பாட்டுல இருக்கணும். இன்னொண்ணு. நத்தைக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. ஒவ்வொண்ணும் ரெண்டுமாத்தான் இருக்கு. ஒவ்வொரு நத்தைக்கும் ரெண்டு கோப்பு போடணும்னா நமக்கு எவ்வளவு ஆள் பத்தாம இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க! குடிப்போம்."

எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார்கள். அவள் வாயருகே கொண்டுபோனாள். குடல் தொண்டைக்கு ஏறி வந்தது. கூட்டத்தில் வாந்தி எடுத்தால் வேலை போய்விடும் என்று ஒரு பயம், குடிக்காவிட்டாலும் போய்விடும் என்று இன்னொரு பயம். கடைசி நாற்காலி அவளுடையது, கைக்கெட்டும் தூரத்தில் மூன்றாவது தொட்டி. மற்றவர்கள் கண் திறப்பதற்குள் டம்ளர் கவிழ்ந்து நிமிர்ந்துவிட்டது. தொட்டிக்குள் பச்சைப் புகை போலச் சாறு இறங்குவதைப் பார்த்தபடி, குடித்தவள் போல உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

வாராவாரம் அப்படியே நடந்தது. வாராவாரம் அன்றுதான் பிடிபடப் போகிறோம் என்று நினைத்தாள். மூன்றாவது தொட்டியின் நத்தைகள் மெல்ல மெல்லப் பாசி நிறத்துக்கு மாறின. நத்தையின் நிறத்தைப் பார்க்க அங்கே தனி அதிகாரி யாரும் இல்லாததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

இனி அவளுடைய சொந்த வேலைக்கு வருவோம். கண்ணாடி துடைப்பது.

கூட்டத்துக்குப் பிறகு தலைவர் தொட்டிகளைப் பார்வையிடுவார். அவர் வருவதற்கு முன் தொட்டிகள் பளபளவென்று இருக்க வேண்டும், உள்ளும் புறமும். முதல் தடவை துடைக்கப் போனவள் நின்றுவிட்டாள். உட்புறக் கண்ணாடியில் நுங்குத் துண்டுகளைப் போல வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் பொடிப்பொடிப் புள்ளிகள்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்குற? அழுக்கைத் துடை," என்றார் விளக்கு அதிகாரி.

"அழுக்கில்ல சார். முட்டை."

"தலைவர் வர்ற நேரத்துல கண்ணாடியில எது ஒட்டியிருந்தாலும் அழுக்குதான்மா."

துடைத்தாள். தலைவர் வந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிய விரலால் கண்ணாடியைத் தடவினார். விரலை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார்.

"ஒரு முட்டை உண்டா?"

"இல்லை!" என்றார்கள் எல்லோரும்.

"பளிங்கு! இதுதான்யா விஞ்ஞானம்."

கைதட்டல். யாரும் பொய் சொல்லவில்லை. அவளும் அன்று முழுக்க அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். முட்டை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. இதில் எந்த இடத்தில் தப்பு நுழைந்தது என்று சொல்லத் தெரியாமல், துடைத்த துணியைக் குழாயடியில் பிழிந்தாள். வழுவழுவென்று அது அவள் விரலிடுக்கில் வழிந்து போயிற்று.

இப்படியே போயிருந்தால் அவளும் பயந்துகொண்டே ஓய்வு பெறும் வயதை எட்டியிருப்பாள். ஆனால் அறிக்கை மேலே போயிற்று. மேலிடம் மகிழ்ந்தது. தேதி வந்துவிட்டது.

"விளக்குத் திறப்பு விழா," என்று தலைவர் கூட்டத்தில் அறிவித்தார். "அது முடிஞ்சதும் குளத்தையும் மக்களுக்குத் திறந்து விடுறோம். வேலிக் கதவைத் திறந்து, 'பாதுகாப்பானது, மேய்ச்சலுக்கு அனுமதி'ன்னு பலகை மாட்டுறோம்."

செயலர் மட்டும் கேட்டார், "குளத்துல நாம எதுவும் செய்யலையே சார்?"

"தொட்டியில இருக்குறது எந்தத் தண்ணி?"

"குளத்துத் தண்ணி சார்."

"அப்ப தொட்டிதான் குளம். தொட்டியில முட்டை இல்லன்னா குளத்துல எப்படிய்யா இருக்கும்?"

அவளுக்கு அக்காவின் ஆடுகள் நினைவுக்கு வந்தன.

அன்று வீட்டுக்குப் போவதற்குள் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா பட்டியில் ஆடுகளுக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று.

"குட்டி! கதவைத் திறக்கப் போறாங்களாமே! சொல்லவே இல்லயேடி, அமுக்கினி!"

"அக்கா... அங்க விடாதே."

"ஏன்?"

"நத்தை இன்னும் இருக்குக்கா."

"உங்க ஆபீஸ்லதானே இல்லன்னு சொல்றாங்க?"

"ஆமா."

"நீ அங்க என்ன வேலை பாக்குற?"

"கண்ணாடி துடைக்கிறேன்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவ்வளவு பெரிய ஆபீசருங்க சொல்றாங்க, இவ கண்ணாடி துடைச்சுட்டு வந்து இருக்குங்குறா. இங்க பாரு, என் கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. இன்னும் எவ்வளவு தூரம்டி நான் இதுகளை ஓட்டிக்கிட்டு நடக்குறது? போர்டு மாட்டட்டும், நான் விடுவேன். போர்டு சொன்னா கேட்டுக்குவேன். உன் பேச்சைக் கேட்டு இதுகளைப் பட்டினி போட முடியாது."

முன்காலில் வெள்ளை விழுந்த மூத்த ஆடு, பட்டியில் பாதி செத்தபோதும் பிழைத்தது, அவள் துப்பட்டாவின் நுனியைச் சவைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆடும் எழுந்திருக்காத ஒரு காலை வரும்.

மறுநாள் தலைவர் அறைக்குப் போனாள். கதவருகே நின்றாள். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் வழிவிட்டாள். கடைசியில் அவரே பார்த்துவிட்டார்.

"யாரது? இளநிலையா? சொல்லு."

"சார்... கண்ணாடி..."

"ஆங்! கண்ணாடி! நானே சொல்லணும்னு இருந்தேன். இதுக்கு முன்னாடி இருந்தவங்க துடைச்சா ஓரத்துல எல்லாம் அப்படி அப்படியே விட்டுருவாங்க. நீ வந்த பிறகுதான் திட்டமே சூடு பிடிச்சுது. விழா அன்னைக்கு இன்னும் நல்லாத் துடைச்சுரணும், என்ன?"

"சரிங்க சார்," என்றது அவள் வாய். வாய் அவளுடையதுதான், ஆனால் பயம் வந்துவிட்டால் அது அவள் பேச்சைக் கேட்பதில்லை.

விழா நாள் காலை. கூட்ட அறை நிறைந்துவிட்டது. பின்வரிசையில் ஊர்க்காரர்கள், அவர்களுக்குள் அக்கா. மேலிடத்து விருந்தினர் வரவில்லை. 'நீங்களே திறந்துகொள்ளுங்கள், நான் வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். அப்படியே நினைத்துக்கொண்டு ஒரு காலி நாற்காலிக்கு மாலை போட்டார்கள்.

சாறு அதிகாரி அன்றைக்கென்று கீரையைக் காய்ச்சிச் சுண்டவைத்து, ஸ்பூன் நட்டால் நிற்கிற பதத்தில் 'விழாச் சாறு' இறக்கியிருந்தார். ஆளுக்கு ஒரு டம்ளர் முடிந்ததும் தலைவர், "இன்னொண்ணு," என்றார். இன்னொன்று குடித்தார்கள். அவளுடைய இரண்டு டம்ளரும் மூன்றாவது தொட்டிக்குப் போயின.

புகைப்படத்தில் விளக்கும் தொட்டியும் அதிகாரிகளும் சேர்ந்து விழ வேண்டும். அதனால் விளக்குக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் அதிகாரிகள் வரிசை கட்டி நின்றார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடம்பு நிறையப் பச்சைப் பொருள். எதிரே சிவப்பு விளக்கு. கல்லூரியில் படித்த அந்த எளிமையான பாடம். சாறு, வெளிச்சம்.

'சார், தள்ளி நில்லுங்க' என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

தலைவர் கயிற்றை இழுத்தார். முக்காடு விழுந்தது. விளக்கு அதிகாரி, தன் சர்வீசில் முதல் தடவையாக, சுவிட்சைப் போட்டார்.

அறை முழுக்க ரத்தச் சிவப்பாகிவிட்டது. எல்லோரும் 'ஆ' என்றார்கள். தலைவர் பேசத் தொடங்கினார். "இந்த ஆணையத்துக்கு வெளிச்சத்தைக் கண்டு என்றைக்குமே பயம் கிடையாது..." என்று சொல்லும்போது இடது காதைச் சொறிந்தார். "நாங்கள் எப்போதும் வெளிச்சத்தில் நிற்கிறவர்கள்..." கழுத்தைச் சொறிந்தார். செயலர் மூக்கைத் தேய்த்தார். விளக்கு அதிகாரி, எல்லோரையும்விடக் கிட்டத்தில் நின்றவர், "எரியுது சார்," என்றார் மெதுவாக.

"எரியத்தான்யா போட்டிருக்கு! விளக்கு எரியாம?"

"எனக்கு எரியுது சார்!"

அதற்குள் தலைவர் கன்னம் தடித்துப் பளபளத்தது. மைக்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடினார். வரிசை கலைந்தது. ஒருவர் மேஜைக்கு அடியில் போனார். இருவர் ஒரே திரையைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். செயலர் விருந்தினரின் காலி நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டார். மூன்றாவது தொட்டியிலும் அதே கலவரம். பாசி நிற நத்தைகள் தண்ணீரை விட்டு மேலேறி, விளிம்பைத் தாண்டி, வெளிச்சம் படாத பின்சுவரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. மற்ற தொட்டிகளில் நத்தைகள் ஒன்றும் நடக்காதது போல மேய்ந்தன. ஆணையத்தின் வரலாற்றில் விளக்கு வேலை செய்தது அன்றுதான்.

"அணைங்கய்யா!" என்றது திரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அணைக்கிறதுக்கு நிகழ்ச்சி நிரல்ல உத்தரவு இல்ல சார்!" என்றார் மேஜைக்கு அடியிலிருந்து விளக்கு அதிகாரி.

அவள் ஓடினாள். எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே கிடந்த வெல்வெட்டை அள்ளி விளக்கின் தலையில் போர்த்தினாள். அறை இருண்டது. இருட்டில் முனகல்களுக்கு நடுவே பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "முடிஞ்சுதா? இப்ப கை தட்டலாமா?"

அதற்குப் பிறகு சில நாட்கள் அதிகாரிகள் யாரும் வெளியே தலை காட்டவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டாலே தோல் எரிந்தது. சாறு உடம்பை விட்டு இறங்கும் வரை அப்படித்தான் இருக்கும், சாறு குடிப்பதை நிறுத்தினால் போதும் என்றார் டாக்டர். சாறு குடிப்பது தீர்மானத்தில் ஏற்றிய வழக்கம், நிறுத்த முடியாது என்று செயலர் பதில் சொன்னார்.

பார்வையிட யாரும் வராததால் கண்ணாடி துடைக்கச் சொல்லவும் யாரும் இல்லை. அவள் துடைக்கவில்லை. வாளியையும் துணியையும் மூலையில் வைத்துவிட்டு, முதல் முறையாக, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாத் தொட்டியிலும் முட்டைகள் அப்பிக்கொண்டு கண்ணாடியே தெரியாமல் போயிற்று. சுவரிலிருந்து பொறுக்கி அவள் திரும்பப் போட்ட மூன்றாவது தொட்டி நத்தைகளில் கொஞ்சம் செத்துவிட்டன. மிஞ்சியவை ஒரு முட்டை கூட இடவில்லை.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

கூட்ட அறையில் திரைக்கு மேல் போர்வை, போர்வைக்கு மேல் அட்டை. இருட்டுக்குள் உருவங்கள். தொப்பி, மப்ளர், கையுறை. களிம்பு வாடை. அவள் வாசற்படியோடு நின்றுகொண்டாள்.

"கிட்ட வா," என்றது தலைவரின் குரல். "முகத்தைக் காட்டு."

யாரோ கதவை மயிரிழை திறந்தார்கள். அந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"நீ ஏன் சிவக்கல?"

அவள் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"இந்த ஆணையத்துல விசுவாசமா வேலை பார்த்த அத்தனை பேரும் சிவந்துட்டோம். செயலருக்கு மூக்குல தோலே இல்ல. நீ மட்டும் எப்படிம்மா இப்படி வெளுப்பா நிக்குற?"

வேலை போயிற்று என்று நினைத்தாள். வேலைக்குப் பின்னால் அக்காவின் வீங்கிய கால் தெரிந்தது. அதற்குப் பின்னால் முன்கால் வெளுத்த ஆடு. பயத்துக்கும் ஓர் எல்லை உண்டு போலிருக்கிறது. அதைத் தொட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் குடிக்கல சார். ஒரு நாளும் குடிக்கல. மூணாவது தொட்டியில ஊத்திட்டேன்."

இருட்டு மூச்சை இழுத்துக்கொண்டது.

"அந்தத் தொட்டிக்கு மட்டும்தான் சாறு போச்சு சார். விளக்கும் பட்டுது. அதுல மட்டும் முட்டை இல்ல. மத்த தொட்டியில எல்லாம் அப்பிக் கிடக்கு. எப்பவுமே இருந்துச்சு சார், நான்தான் துடைச்சேன். குளத்துலயும் இருக்கும். குளத்தைத் திறக்காதீங்க சார்." சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சொறிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆக," என்றார் தலைவர் கடைசியில், "சாறும் விளக்கும் சேர்ந்தா வேலை செய்யுது."

"ஆமா சார்."

"நத்தை மேலயும் வேலை செஞ்சிருக்கு. நம்ம மேலயும் வேலை செஞ்சிருக்கு."

"ஆமா சார், ஆனா குளத்துல..."

"அப்ப திட்டம் வெற்றி! மேலிடத்துக்கு அனுப்பின அறிக்கையில ஒரு எழுத்தை மாத்த வேண்டியதில்ல." இருட்டில் கையுறைகள் தட்டுகிற மொத்தென்ற ஓசை எழுந்தது. "குளம் திறக்கிறது நாளைக்கு. உத்தரவு போட்டாச்சு. உத்தரவு போட்ட பிறகு நத்தை முட்டை போடுதா இல்லையாங்கிறது நத்தையோட சொந்த விஷயம்."

செயலர் இருமினார். "பலகையை ஒரு அதிகாரி நேர்ல போய், பகல்ல மாட்டணும் சார். விதி."

"போய் மாட்டுங்க."

"வெயில் சார்."

ஒவ்வொருவராக முகம் திரும்பியது. இருட்டாக இருந்தாலும் அது அவளுக்குத் தெரிந்தது. வெயிலில் போகக்கூடிய தோல் அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"சாறு குடிக்காதது பெரிய ஒழுங்கீனம்," என்றார் தலைவர். "அதுக்காக இப்பவே உன்னைத் தற்காலிகப் பணிநீக்கம் பண்றேன். குடிக்காததாலதான் உன்னால வெளியில போக முடியும். அதுக்காக நாளைக்கு உன்னைப் பகல் பொறுப்பு அதிகாரியா நியமிக்கிறேன். பலகையை மாட்டிட்டு வந்து பணிநீக்கத்தைத் தொடரலாம்."

மறுநாள் உச்சி வெயிலில் ஒரு ஸ்டூல், ஒரு சுத்தி, ஒரு கைப்பிடி ஆணி, இவற்றோடு குளத்து வேலிக்குப் போனாள். பலகை அங்கேயே சாய்த்து வைத்திருந்தது. ஆணையம் சிக்கனமானது. பழைய பலகையைக் கழற்றி, அதன் பின்புறத்தில்தான் புதிய வாசகத்தைப் பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். ஒரு பக்கம் 'பாதுகாப்பானது.' திருப்பினால் 'அபாயம்.' எழுதியவருக்கு இது கொஞ்சமும் உறுத்தியிருக்காது. எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று உத்தரவு தெளிவாகத்தானே இருக்கிறது.

வேலிக்கு வெளியே அக்கா ஆடுகளோடு காத்துக்கொண்டு நின்றாள். ஆடுகள் கம்பிக்குள் மூக்கை விட்டுப் புல்லை முகர்ந்தன. வேலிக்குள் தண்ணீரில் மிதந்த ஒரு இலையைத் தங்கை குச்சியால் புரட்டினாள். அடியில் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. இவற்றைத் துடைக்க யாரும் சொல்லவில்லை.

தூரத்தில், மரநிழலில், கறுப்புக் கண்ணாடி போட்ட கார் வந்து நின்றது.

அவள் சுத்தியை எடுத்துக்கொண்டாள். ஸ்டூலில் ஏறினாள். பலகையைத் தூக்கினாள். ஒரு பக்கத்தைப் பார்த்தாள், மறுபக்கத்தைப் பார்த்தாள். ஆணி கீழே விழுந்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் விழுந்தது.

"என்னடி ஆபீசர், ஆணி பிடிக்கவே இந்தப் பாடா?" அக்கா வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஆட்டு முகத்தைப் பார்க்குறதா, உன் முகத்தைப் பார்க்குறதா? சீக்கிரம் அடி."

அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறந்தாள்.

கார்க் கண்ணாடி ஒரு விரல் அளவுக்கு இறங்கியது. "மாட்டியாச்சா?" என்றது தலைவரின் குரல்.

"மாட்டியாச்சு சார்."

"எழுத்து நேரா இருக்கா?"

"நேரா இருக்கு சார்."

"நல்லாத் தெரியுதா?"

"தூரத்துலேர்ந்தே தெரியுது சார்."

பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். கையுறை போட்ட விரல் ஒன்று கண்ணாடி இடுக்கில் மெல்ல வெளியே நீண்டது. வெயில் பட்டதும், தொட்ட நத்தைக் கொம்பு போலச் சுருக்கென்று உள்ளே போய்விட்டது. கண்ணாடி ஏறியது. கார் கிளம்பியது.

அக்கா ஸ்டூலைப் பிடித்தபடியே தலையை நிமிர்த்திப் பலகையைப் படித்தாள். எழுத்துக் கூட்டி மறுபடியும் படித்தாள். அவள் முகத்தில் இருந்த கேலி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஒன்றும் கேட்காமல் முன்கால் வெளுத்த ஆட்டின் காதைப் பிடித்து வேலியிலிருந்து இழுத்தாள். அது வாயில் பிடித்த ஒரே ஒரு புல்லை விட மறுத்தது. தாடையை அமுக்கி அதையும் பிடுங்கி வீசினாள்.

தங்கை இன்னும் ஸ்டூலிலேயே நின்றாள்.

"ஏண்டி குட்டி," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி, "அவங்க யாராவது வந்து இதைப் படிச்சா?"

"வரணும்னா பகல்ல வரணும்க்கா," என்றாள் அவள்.